மைக்கை எங்கே வைத்தார்கள்?



விண்வெளித் தொலைநோக்கிகளைப் பற்றி ஒரு பாடம் எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, எங்கே தொடங்குவது என்று எனக்குக் குழப்பமே வரவில்லை. நான் மாட்டிக்கொண்ட இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம், கோயில் மண்டபத்தில் நடக்கும் ஞாயிறு வகுப்பில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுப்பேன். அப்படி ஒரு ஞாயிறு. 'ஓம்' என்ற பிரணவத்தைப் பற்றிப் பேச வேண்டிய வாரம். பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். எப்படியாவது எழுப்ப வேண்டுமே! குடும்பப் புலனக் குழுவில் யாரோ அனுப்பிய காணொலி ஒன்று என் கைப்பேசியில் இருந்தது. "கருந்துளை ஒன்று 'ஓம்' என்று ஒலிப்பதை நாசா பதிவு செய்துள்ளது. அனைவருக்கும் பகிரவும்" என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். கைப்பேசியை ஒலிபெருக்கியில் இணைத்துப் போட்டேன்.

ஆழமான, முனகுவது போன்ற ஒரு ஒலி. மண்டபமே அமைதியானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீங்களா? நம்ம முன்னோர் எப்பவோ சொன்னதை நாசா இன்னைக்குத்தான் ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க" என்றேன்.

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. படிவம் இரண்டு படிக்கும் பையன், வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவன்.

"அக்கா, விண்வெளியில காத்து இல்லன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. காத்து இல்லன்னா சத்தம் போகாது. அப்புறம் நாசா மைக்கை எங்க வெச்சாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கிண்டலுக்காக அவன் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "நல்ல கேள்வி தம்பி, அடுத்த வாரம் சொல்றேன்" என்று சமாளித்தேன்.

வகுப்பு முடிந்ததும், பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "விடும்மா, பிள்ளைங்களுக்கு நம்ம சமயத்து மேல ஒரு பிடிப்பு வந்தா போதும். சின்ன விஷயத்தைப் போய்ப் பெருசு பண்ணிக்காதே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட அறிக்கையில் ஓர் எண்ணை எழுதினாலே, "இது எங்கிருந்து வந்தது? எதைக் கொண்டு அளந்தாய்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பழகிய நான், கோயில் மண்டபத்துக்குள் வந்ததும் அதை வாசலிலேயே விட்டுவிட்டேன். படிவம் இரண்டு படிக்கிற பையன் விடவில்லை.

அந்த ஒரு வாரம் தேடிப் படித்ததுதான் இந்தப் பாடம்.

1. அந்த ஒலி எங்கிருந்து வந்தது?

அந்தக் காணொலி முழுப் பொய் இல்லை. அதுதான் இதில் சிக்கலே. அந்த ஒலியை வெளியிட்டது நாசாதான், 2022ஆம் ஆண்டில். அது பெர்சியஸ் என்ற விண்மீன் மண்டலக் கூட்டத்திலிருந்து கிடைத்தது. நம் சூரியன் பால்வெளி என்ற விண்மீன் மண்டலத்தில் இருக்கிறது. அதுபோன்ற ஆயிரக்கணக்கான மண்டலங்கள் ஒன்றாகக் கூடியிருக்கும் இடம்தான் பெர்சியஸ். நம்மிடமிருந்து சுமார் 250 மில்லியன் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து இன்று நமக்கு வந்து சேரும் ஒளி, பூமியில் டைனோசர்கள் தலைகாட்டத் தொடங்குவதற்கு முன்பே புறப்பட்டது.

அந்தக் கூட்டத்தின் நடுவில் என்.ஜி.சி. 1275 என்ற பெரிய விண்மீன் மண்டலமும், அதன் மையத்தில் ஒரு மாபெரும் கருந்துளையும் இருக்கின்றன. கருந்துளை என்றால் என்ன? ஒரு பொருளின் ஈர்ப்பிலிருந்து தப்பிக்க ஒரு குறிப்பிட்ட வேகம் வேண்டும். பூமியை விட்டுத் தப்ப நொடிக்கு சுமார் 11 கிலோமீட்டர். அந்தத் தப்பும் வேகம் ஒளியின் வேகத்தையே தாண்டிவிட்டால், ஒளிகூட வெளியே வர முடியாது. அதுதான் கருந்துளை.

அப்படியானால் எதுவுமே வெளியே வராத இடத்திலிருந்து ஒலி மட்டும் எப்படி வரும்? வராது. ஒலி கருந்துளைக்கு உள்ளிருந்து வரவில்லை, அதைச் சுற்றியுள்ள வாயுவிலிருந்து வருகிறது.

2. காற்றில்லாத இடத்தில் ஒலியா?

பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது சரிதான். ஒலி என்பது ஒரு பொருளுக்குள் பரவும் அழுத்த அலை. நெருக்கம், தளர்வு, நெருக்கம், தளர்வு என்று துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகும். தள்ளுவதற்குத் துகள் இல்லாவிட்டால் ஒலி இல்லை. பூமிக்கும் நிலவுக்கும் இடையில் நின்று கத்தினால் யாருக்கும் கேட்காது.

ஆனால் விண்வெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வெறுமையாக இல்லை. பெர்சியஸ் போன்ற கூட்டங்களில், மண்டலங்களுக்கு இடையே உள்ள பரப்பு முழுவதும் ஒரு வாயு நிறைந்திருக்கிறது. நம் காற்றோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு மெல்லியது. ஆனால் பரப்பு மிகப் பெரியது என்பதால், மொத்தமாக எடை போட்டால், அந்தக் கூட்டத்தில் உள்ள எல்லா விண்மீன்களையும் விட அந்த வாயுவின் நிறைதான் அதிகம். அதன் வெப்பம் பல கோடி டிகிரி.

இப்போது கருந்துளைக்கு வருவோம். அதை நோக்கி விழும் பொருள் முழுவதும் உள்ளே போய்விடுவதில்லை. ஒரு பகுதி விளிம்பைத் தாண்டும் முன்பே, ஒளி வேகத்துக்கு அருகான வேகத்தில் இரு பக்கமும் பீய்ச்சி அடிக்கப்படுகிறது. அந்தப் பீய்ச்சல் சுற்றியுள்ள வாயுவைத் தள்ளி இரண்டு பெரிய குமிழிகளை ஊதுகிறது. தே ஓ ஐஸ் குடிக்கும்போது, அம்மா பார்க்காத நேரத்தில் உறிஞ்சுகுழாய்க்குள் ஊதியிருக்கிறீர்களா? குமிழி கிளம்பும், மேலே அலை பரவும். அதே கதைதான் இங்கும். வேறுபாடு அளவில்தான்: இந்தக் குமிழிகள் ஒவ்வொன்றும் சுமார் 50,000 ஒளியாண்டு அகலம். அவற்றை ஊதுவதற்கு, 100 மில்லியன் விண்மீன்கள் வெடித்தால் வெளிப்படும் ஆற்றல் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆக, அங்கே அழுத்த அலை இருப்பது உண்மை. ஒலி இருப்பதும் உண்மை. மைக் மட்டும் இல்லை. பிறகு எப்படித் தெரிந்தது? கண்ணால் பார்த்தார்கள்.

3. எக்ஸ்-கதிரைப் பிடிக்கும் கண்ணாடி

ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்து அது வெளியிடும் ஒளி மாறும். சூடான இரும்பு சிவப்பாகத் தெரியும். பல கோடி டிகிரி வெப்பமுள்ள வாயு எக்ஸ்-கதிராக ஒளிரும். அது நம் கண்ணுக்குத் தெரியாது. நமக்கெல்லாம் அழகான படங்கள் அனுப்பும் ஹப்பிள் தொலைநோக்கியும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதற்கு அண்டையிலுள்ள கதிர்களையும் பார்ப்பது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் அகச்சிவப்புக் கதிரைப் பார்ப்பது. இரண்டுமே இந்த வாயுவின் எக்ஸ்-கதிரைப் பார்க்க முடியாது.

தரையிலிருந்து பார்க்கலாமா என்றால் அதுவும் முடியாது. நம் வளிமண்டலம் விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களைத் தடுத்துவிடுகிறது. நாம் உயிரோடு இருப்பதற்கு அது நல்லது. வானியலாளருக்குத்தான் தலைவலி. மேலே போயே ஆக வேண்டும்.

அதற்காகக் கட்டப்பட்டதுதான் சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி. ரிக்கார்டோ ஜியாக்கோனி, ஹார்வி டனன்பாம் என்ற இருவர் 1976ஆம் ஆண்டில் இந்தத் திட்டத்தை நாசாவிடம் முன்வைத்தார்கள். தொலைநோக்கி விண்ணுக்குப் போனது 1999ஆம் ஆண்டில். இடையில் 23 ஆண்டுகள். நாம் ஒரு பணித்திட்டத்தை 14 வாரத்தில் முடிக்கச் சொன்னாலே புலம்புகிறோம்!

பொறியியல் மாணவி என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் கண்ணாடிகள்தான். எக்ஸ்-கதிர் சாதாரணக் கண்ணாடியில் நேராகப் பட்டால் திரும்பி வராது, உள்ளே புகுந்துவிடும். மருத்துவமனையில் நம் உடலுக்குள் புகுவதைப் போலத்தான். ஆனால் மிகச் சாய்வாக, கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போவது போல் வந்து பட்டால் தெறித்துத் திரும்பும். குளத்தில் தட்டையான கல்லை நேராகப் போட்டால் மூழ்கிவிடும். தண்ணீரை ஒட்டிச் சாய்வாக வீசினால் துள்ளித் துள்ளிப் போகும் அல்லவா? அதுபோல.

அதனால் சந்திராவின் கண்ணாடிகள் தட்டு வடிவில் இல்லை. அடியில்லாத பீப்பாய் போன்றவை. நான்கு ஜோடிப் பீப்பாய்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். மிகப் பெரியதன் விட்டம் 1.2 மீட்டர். உட்புறம் இரிடியம் என்ற உலோகப் பூச்சு. வழவழப்பு சில அணுக்களின் அளவுக்குத் துல்லியமானது. அதனால் என்ன பயன் என்றால், 19 கிலோமீட்டருக்கு அப்பால் சாலையோரம் நிற்கும் 'பெர்ஹெந்தி' பலகையின் எழுத்துகளைப் படிக்கும் அளவுக்குக் கூர்மை.

1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி கொலம்பியா விண்ணோடம் சந்திராவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. தலைமை தாங்கியவர் எய்லீன் காலின்ஸ். ஒரு விண்ணோடப் பயணத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். புறப்பட்ட சில நொடிகளிலேயே மின்கசிவு ஏற்பட்டு, இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினிகளில் இரண்டு செயலிழந்தன. மாற்றுக் கணினிகள் பொறுப்பை ஏற்றன. அதே நேரத்தில் ஓர் இயந்திரத்துக்குள்ளிருந்து சின்னத் தங்க முலாம் பூசிய ஊசி ஒன்று கழன்று, குளிரூட்டும் குழாய்களைக் கிழித்து, ஹைட்ரஜன் கசிந்தது. அப்படியும் சந்திரா மேலே போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹப்பிளில் கோளாறு வந்தபோது விண்வெளி வீரர்கள் ஐந்து முறை போய்ப் பழுது பார்த்தார்கள். சந்திராவுக்கு அந்த வசதி இல்லை. அதன் நீள்வட்டப் பாதை பூமியிலிருந்து சுமார் 1,40,000 கிலோமீட்டர் வரை போகிறது, நிலவுக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எந்த மெக்கானிக்கும் அங்கே போக முடியாது. முதல் தடவையே சரியாக இருக்க வேண்டும். 5 ஆண்டு உழைத்தால் போதும் என்று வடிவமைத்தார்கள். 25 ஆண்டுகளைத் தாண்டியும் உழைத்தது.

4. 53 மணி நேரம் பார்த்த படம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஃபேபியன் தலைமையிலான குழு, சந்திராவைப் பெர்சியஸ் பக்கம் திருப்பி 53 மணி நேரம் பார்த்தது. முடிவை 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்டார்கள். அந்தப் படத்தில் இரண்டு குமிழிகளும் தெரிந்தன. நுணுக்கமாக ஆராய்ந்தபோது, குமிழிகளைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய வரிகள் தெரிந்தன. குளத்தில் கல் போட்டால் வருவது போன்ற வட்டங்கள். வாயு நெருங்கியிருக்கும் இடம் கொஞ்சம் பிரகாசமாகவும், தளர்ந்திருக்கும் இடம் கொஞ்சம் மங்கலாகவும் இருந்தது. நெருக்கம், தளர்வு, நெருக்கம், தளர்வு. பள்ளியில் ஒலி அலைக்கு ஆசிரியர் வரைந்து காட்டிய அதே படம்!

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடைவெளி சுமார் 35,000 ஒளியாண்டு. அந்தச் சூடான வாயுவில் ஒலி நொடிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகும். நம் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான். தூரத்தை வேகத்தால் வகுத்தால் என்ன வரும்? ஒரே ஓர் அலை கடந்து போக சுமார் 9.6 மில்லியன் ஆண்டுகள்.

அது என்ன சுருதி என்றும் கண்டுபிடித்தார்கள். மேற்கத்திய இசையில் பி-ஃப்ளாட். பியானோவின் நடு 'சி'-க்கு 57 ஸ்தாயி கீழே. ஆர்மோனியத்தில் ஒரு 'ஸ'-விலிருந்து அடுத்த கீழ் 'ஸ'-வுக்கு இறங்கினால் ஒரு ஸ்தாயி. ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் அதிர்வு பாதியாகும். நடு 'சி' நொடிக்கு சுமார் 261 அதிர்வு. பாதியாக்கிக்கொண்டே போங்கள்: 130, 65, 33, 16. நான்கு படி இறங்கியதுமே நம் காது கைவிட்டுவிடும், ஏனென்றால் 20 அதிர்வுக்குக் கீழே நமக்குக் கேட்காது. இந்தக் கருந்துளையின் சுருதிக்குப் போக இன்னும் 53 படி இறங்க வேண்டும்.

5. நம் காதுக்கு எட்டியது எப்படி?

ஆகவே அங்கே போய் நின்றாலும் யாராலும் அதைக் கேட்க முடியாது. மனித இனம் தோன்றியதிலிருந்து இன்றுவரை அந்த ஒலியில் ஓர் அதிர்வுகூட முழுமையாக முடியவில்லை.

2022இல் என்ன செய்தார்கள் என்றால், சந்திரா எடுத்த படத்திலுள்ள அந்த அலைகளின் தரவை எடுத்து, மையத்திலிருந்து வெளிநோக்கி ஒவ்வொரு திசையாக வருடி, அதை 57, 58 ஸ்தாயி உயர்த்தி, நம் காதுக்கு எட்டும் ஒலியாக மாற்றினார்கள். 57 ஸ்தாயி என்றால் எத்தனை மடங்கு தெரியுமா? 144 எழுதி அதன் பின்னால் 15 பூஜ்யம் போடுங்கள். வானியல் தரவுகளை இப்படி ஒலியாக்கும் முயற்சியால் பார்வையற்றவர்களும் விண்வெளிப் படங்களை அனுபவிக்க முடிகிறது. நாசாவும் இதை எங்கும் மறைக்கவில்லை. உயர்த்தி மாற்றிய ஒலி என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அந்த விளக்கத்தை வெட்டிவிட்டு, 'ஓம்' என்ற சொல்லை ஒட்டியது வழியில் பகிர்ந்தவர்கள். அதை மண்டபம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது நான்.

அது 'ஓம்' போலக் கேட்கிறதா? கேட்கலாம். கோயில் மணி அடங்கும்போதும், மின்விசிறி சுற்றும்போதும்கூட எனக்கு அப்படிக் கேட்டதுண்டு. ஆழ்ந்து நீளும் ஒலியில் நம் காது தனக்குப் பழகியதைத் தேடிக்கொள்ளும். ஆனால் எத்தனை ஸ்தாயி உயர்த்துவது, படத்தை எப்படி வருடுவது என்பதெல்லாம் மனிதர்கள் எடுத்த முடிவுகள். வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் வேறு மாதிரி கேட்டிருக்கும். இதை வைத்துப் பிரணவத்தை நிரூபிக்க முடியாது.

6. இதனால் என்ன பயன்?

ஒலி கேட்கச் சுவையாக இருக்கிறது என்பதோடு விஷயம் முடியவில்லை. வானியலாளருக்கு நெடுநாளாக ஒரு புதிர் இருந்தது. கூட்டத்தின் நடுவிலுள்ள வாயு எக்ஸ்-கதிரை வெளியிட்டுக்கொண்டே இருப்பதால் ஆற்றலை இழந்து குளிர வேண்டும். குளிர்ந்தால் சுருங்கி, ஏராளமான புது விண்மீன்கள் பிறக்க வேண்டும். ஆனால் அந்த அளவுக்குப் பிறக்கவில்லை. அடுப்பில்லாமல் குழம்பு ஆறாமலே இருந்தால், அடியில் ஏதோ சூடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தச் சூட்டைக் கொடுப்பது கருந்துளை ஊதும் குமிழிகளும் இந்த ஒலி அலைகளுமாக இருக்கலாம் என்று ஃபேபியன் குழு சொன்னது. விழுங்குவது மட்டுமே கருந்துளையின் வேலை என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய செய்தி. தன்னைச் சுற்றிப் பல இலட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு விண்மீன்கள் பிறக்கும் வேகத்தையே அது மட்டுப்படுத்துகிறது.

ஆய்வு அதோடு நிற்கவில்லை. 2016இல் ஜப்பான் ஏவிய ஹிட்டோமி செயற்கைக்கோளும் முதலில் பெர்சியஸையே பார்த்தது. நடுவில் வாயு நொடிக்கு சுமார் 164 கிலோமீட்டர் வேகத்தில்தான் கலங்குகிறது என்று அளந்தது. எதிர்பார்த்ததை விட அமைதி. அடுத்த சில வாரங்களில் அந்தச் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டை இழந்து, வேகமாகச் சுழன்று, உடைந்து போனது. ஜப்பானியர்கள் தவற்றை ஆராய்ந்து, வெளிப்படையாக எழுதி வைத்து, 2023இல் எக்ஸ்ரிஸம் என்ற அடுத்த செயற்கைக்கோளை அனுப்பினார்கள். ஒலி அலைகள் எவ்வளவு சூட்டைச் சுமக்கின்றன என்ற கேள்வி இன்னும் மூடப்படவில்லை.

7. 'சந்திரா' யார்?

ஏவுவதற்கு முன் இந்தத் தொலைநோக்கிக்குப் பெயர் சூட்ட நாசா ஒரு போட்டி வைத்தது. 6,000க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் வந்தன. வென்ற பெயர், சுப்பிரமணியன் சந்திரசேகரின் சுருக்கப் பெயரான சந்திரா. வட மொழியில் நிலவு என்று பொருள். சந்திரசேகரன் என்றால் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1910ஆம் ஆண்டு லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் சந்திரசேகர். சர் சி.வி. ராமன் இவருடைய சித்தப்பா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, 1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 19. நம்மில் பலருக்கு இப்போது இருக்கிற வயது. அந்தக் கப்பல் பயணத்தில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார்.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறு விண்மீனாகி அடங்கிவிடும் என்று அந்நாளில் நினைத்தார்கள். எல்லா விண்மீனுக்கும் அந்த அமைதியான முடிவு கிடைக்காது என்று சந்திரசேகரின் கணக்கு சொன்னது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை மிஞ்சினால், அந்த விண்மீன் வெண்குறு விண்மீனாக நிற்க முடியாது, மேலும் சுருங்கும். எதுவரை சுருங்கும்? அந்தக் கேள்வியின் மறுமுனையில்தான் கருந்துளை இருந்தது.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் தம் முடிவை வாசித்தார். அடுத்துப் பேசியவர் அக்காலத்தின் மிகப் பெரிய வானியலாளரான ஆர்தர் எடிங்டன். இயற்கை அப்படி அபத்தமாக நடந்துகொள்ளாது என்ற பொருளில் அவர் கேலி செய்ய, அவையே சிரித்தது. 24 வயது இளைஞர் தனியாக நின்றார். அவர் கணக்கில் தவறு இல்லை. எடிங்டனும் அதில் பிழை காட்டவில்லை. 'அப்படி இருக்கக் கூடாது' என்பதுதான் அவருடைய வாதம்.

சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை, கணக்கை மாற்றவும் இல்லை. அமெரிக்காவுக்குப் போய், சிகாகோ பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுதும் உழைத்தார். 1983ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கப்பல் ஏறி 53 ஆண்டு கழித்து. தம்மைக் கேலி செய்த எடிங்டனை அவர் கடைசிவரை மதித்தார். எடிங்டனின் சாதனைகளைப் பாராட்டி ஒரு நூலே எழுதினார். பெரியவரை மதிப்பதும், பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கணக்கை மாற்றாமல் இருப்பதும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும். எனக்கு அந்த வாரம் மிகவும் தேவைப்பட்ட பாடம் அதுதான்.

1995ஆம் ஆண்டு அவர் காலமானார். தம் பெயர் தாங்கிய தொலைநோக்கியை அவர் பார்க்கவில்லை.

8. அடுத்த ஞாயிறு

அடுத்த வாரம் வகுப்பில் முதல் வேலையாக, "போன வாரம் நான் சொன்னது தப்பு. சரிபார்க்காம சொல்லிட்டேன்" என்றேன். வாய் கொஞ்சம் உலர்ந்தது. பிள்ளைகள் என்னை மதிக்க மாட்டார்களோ என்ற பயம் வாரம் முழுதும் இருந்தது. ஆனால் நான் சொல்லி முடித்ததும் மண்டபம், போன வாரம் ஒலி போட்டபோது இருந்ததை விட, இன்னும் கவனமாகக் கேட்டது. ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து வைத்து ஸ்தாயி ஸ்தாயியாக இறங்கிக் காட்டினோம். நான்கு பீப்பாய்க்குப் பதிலாக மைலோ டின்களை ஒன்றுக்குள் ஒன்று வைக்கப் பார்த்தோம், சரியாகப் போகவில்லை, காகிதம் சுருட்டிச் சமாளித்தோம்.

அந்தப் பையன் கடைசியில் சொன்னான்: "அப்போ மைக் இல்லக்கா. கண்ணாடிதான் மைக்."

இதை விடச் சுருக்கமாக என்னால் இந்தப் பாடத்தை எழுத முடியாது.

பெரியவர் மூலையில் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு கலைந்த பிறகு ஆர்மோனியத்தை மூடிக்கொண்டே, "அம்பத்தேழு ஸ்தாயியா? இதுல மூணுதாம்மா இருக்கு" என்றார். பிறகு, "அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

நண்பர்களே, பிரணவத்தைப் பற்றி நம் நூல்கள் பேசுவது நமக்குள்ளே செய்ய வேண்டிய ஒரு தேடலை. அதற்கு நாசாவின் சான்றிதழ் தேவையில்லை. அப்படி ஒரு சான்றிதழை நாமே தயாரித்து ஒட்டினால், கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை ஒரு நாள் அதைக் கண்டுபிடிப்பான். அன்றைக்கு அவன் அந்தக் காணொலியை மட்டும் சந்தேகிக்க மாட்டான், நாம் சொன்ன எல்லாவற்றையும் சந்தேகிப்பான். உண்மையை முழுதாகச் சொன்னால் அந்த ஆபத்து இல்லை. மேலும், 9.6 மில்லியன் ஆண்டுக்கு ஒரு முறை அதிரும் ஒலியை, எக்ஸ்-கதிர் உரசிப் போகும் கண்ணாடியில், ஒரு தமிழரின் பெயர் தாங்கிய தொலைநோக்கி பார்த்தது என்பதில் வியப்புக்கு என்ன குறைச்சல்?

வகுப்பில் பேசிப் பாருங்கள்

1. விண்வெளியில் ஒலி போகாது என்ற கூற்று எப்போது சரி, எப்போது சரியில்லை?

2. நடு 'சி' 261 அதிர்வு. அதை 10 முறை பாதியாக்கினால் ஓர் அதிர்வுக்கு எத்தனை நொடி ஆகும்? 20 முறை பாதியாக்கினால்?

3. சமயத்தையும் அறிவியலையும் சேர்த்துச் சொல்லும் ஒரு செய்தி உங்கள் புலனத்தில் வந்திருந்தால் எடுத்து வாருங்கள். அதில் எது அளவீடு, எது யாரோ சேர்த்தது என்று குழுவாகப் பிரித்துப் பாருங்கள்.

4. நீங்கள் மதிக்கும் பெரியவர் ஒருவர் சொல்வது தவறு என்று உங்களுக்குத் தெரிகிறது. மரியாதை குறையாமல் அதை எப்படிச் சொல்வீர்கள்?

அடுத்த முறை யாராவது ஒரு வியப்பான செய்தியை உங்களுக்கு அனுப்பினால், பகிர்வதற்கு முன் அந்தத் தம்பியின் கேள்வியை ஒரு முறை கேட்டுப் பாருங்கள்: மைக்கை எங்க வெச்சாங்க?